பாட்டி வடை சுட்ட கதையை எப்படி அனிமேஷன் ஆக்குவது? மாணவர் குறும்படத்துக்கு வகை, கட்டமைப்பு, ஸ்டோரிபோர்டு: ஓர் ஒப்பீடு

அனிமேஷன் குறும்படம் எடுக்கப்போகும் கடைசி ஆண்டு மாணவர்கள் யோசனை கேட்டு வந்தால், கதையைக் கேட்பதற்கு முன்பே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவேன். திரையில் ஒரு வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாக் காட்சிகள். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். இரண்டு நிமிடத்துக்கு 1,440 படங்கள். ஒருவர் நாளொன்றுக்கு 20 படங்களைச் சுத்தமாக வரைந்து முடித்தாலும் 72 நாள் ஆகும். வண்ணம், பின்னணி, ஒலி எல்லாம் அதற்கு மேல். அசையாமல் நிற்கும் இடங்களும் திரும்பத் திரும்ப ஓடவிடும் சுழற்சிகளும் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும். ஒரே ஷாட்டில், அதாவது வெட்டில்லாமல் ஓடும் ஒரு காட்சித் துண்டில், இரண்டு பாத்திரங்கள் நடமாடினால் எண்ணிக்கை ஏறும்.

எந்த வகைக் கதை, எந்தக் கட்டமைப்பு, எப்படிப்பட்ட ஸ்டோரிபோர்டு (படத்தை ஷாட் ஷாட்டாக முன்கூட்டியே வரைந்து வைக்கும் திட்டம்) என்ற மூன்று முடிவுகளையும் இந்தக் கணக்கை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான குழுக்கள் மூன்றையும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கின்றன. முதலில் 'திகில் படம்' என்று முடிவு செய்து, பிறகு கதை எழுதி, கடைசியில் ஆசிரியர் கேட்கிறாரே என்று ஸ்டோரிபோர்டு வரைகிறார்கள். வரைகிறபோதுதான் இது திகிலாக நிற்காது என்று தெரியவரும். அதற்குள் செமஸ்டர் பாதி போயிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே கதையை எடுத்துக்கொள்வோம். பாட்டி வடை சுடுகிறாள். காக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் உட்காருகிறது. நரி வந்து, உன் குரல் அழகு, ஒரு பாட்டுப் பாடு என்கிறது. காக்கை வாய் திறக்கிறது, வடை விழுகிறது, நரி கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஈசாப் கதையில் வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. காக்கை வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடியது என்ற இன்னொரு முடிவும் நம்மிடையே வழங்குகிறது. மூன்று பாத்திரம், ஒரு மரம், ஓர் அடுப்பு. மாணவர் படத்துக்கு அளவான சரக்கு.

நகைச்சுவையா, திகிலா, பாட்டியின் கதையா?

நகைச்சுவை என்று எடுத்தால் வேலை முழுவதும் டைமிங்கில் போய் விழும். நான்கு பிரேம் முன்னே பின்னே ஆனால் சிரிப்பு போய்விடும். அதே சமயம் ஓவியத்தில் பெரிய திறமை தேவைப்படாது. காக்கை ஒரு கரிய முட்டை, நரி ஒரு முக்கோணம் என்றாலும் படம் ஓடும். 1986-இல் வந்த பிக்ஸாரின் 'லக்ஸோ ஜூனியர்' இரண்டு நிமிட அளவுப் படம்தான். இரண்டு மேஜை விளக்குகள், சிறிதும் பெரிதுமாக இரண்டு பந்துகள், கடைசிவரை அசையாத ஒரு கேமரா. விளக்குகளுக்கு முகம்கூடக் கிடையாது. குனிவதும் நிமிர்வதும் துள்ளுவதுமாகவே தகப்பனும் பிள்ளையும் ஆகிவிடுகின்றன.

நம் கதையில் நகைச்சுவைக்கு ஒரு தடை இருக்கிறது. நரியின் ஆயுதம் பேச்சு. பேச்சு என்றால் உதட்டசைவு. உதட்டசைவு என்றால் குரலுக்கு ஏற்ப வாயைப் பிரேம் பிரேமாகப் பொருத்தும் வேலை. பேச்சைச் செயலாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும். நரி மரத்தடிக்கு வருகிறது. தோளிலிருந்த துண்டை உதறி விரித்துச் சம்மணமிட்டு உட்காருகிறது. கண்ணை மூடுகிறது. தொடையில் தாளம் போடத் தொடங்குகிறது. மேலே வாயில் வடையோடு காக்கை ஒரு கணம் அசையாமல் கீழே பார்க்கிறது. கச்சேரிக்கு ரசிகர் வந்து உட்கார்ந்தாகிவிட்டது, இனிப் பாடாமல் எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை பேசாமல் புகழ்ச்சி நடந்து முடிந்துவிட்டது. தாளம் போடும் கை எட்டுப் பத்துப் படங்களின் சுழற்சிதான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடவிடலாம்.

திகில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வகை. அதற்கு நியாயமான காரணமும் உண்டு: இருட்டு நிறைய வேலையை மிச்சப்படுத்தும். நரியைக் காட்டவே வேண்டாம். புல் அசைகிறது, நிற்கிறது. மறுபடியும், இன்னும் கொஞ்சம் அருகில் அசைகிறது. அசையாமல் கிடக்கும் பின்னணி ஓவியத்தின்மேல் ஒலி மட்டும் நகர்ந்தால் பத்து வினாடிக்கு நாற்பது படம்கூடத் தேவைப்படாது. ஆனால் மிச்சம் பிடித்த உழைப்பை ஒலி வட்டியோடு திரும்பக் கேட்கும். இலை நசுங்கும் சத்தம், சட்டென்று நின்றுபோகும் பூச்சிகளின் இரைச்சல், காக்கையின் மூச்சு எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து பதிவு செய்து, அடுக்கி, அளவு பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இலவச 'திகில் இசை'யைப் பரப்பி வைத்த படங்களில் ஒன்றுகூட என்னைப் பயமுறுத்தியதில்லை. குழுவில் ஒலியில் உண்மையான ஈடுபாடுள்ள ஒருவர் இல்லையென்றால் இந்த வகையை நான் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, பாட்டியின் கதை. இந்தக் கதையின் பெயரே 'பாட்டி வடை சுட்ட கதை'. ஆனால் இரண்டாவது வாக்கியத்தோடு பாட்டியைக் கைவிட்டுவிடுகிறோம். வடை போனபின் அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மாணவர் இதைக் கேட்டாலே பாதிப் படம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதை மாற்றினால் வகை தானாக மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் செலவு இங்கேதான் அதிகம். மனித முகம், முதுமை, சேலை மடிப்பு, உட்கார்ந்து எழும் உடலின் பாரம் எல்லாம் தேர்ந்த கைகளுக்கே சவால். முகம் ஒரு பிரேமில் பிசகினாலும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நரி பிசகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதற்கு ஒரு வழி, பாட்டியின் கைகளை மட்டும் காட்டுவது. ஈரக் கையில் மாவை உருட்டி, வாழையிலையில் தட்டி, விரலால் நடுவில் துளையிட்டு, எண்ணெயில் நழுவவிடும் கைகள். எண்ணெய் கொப்பளிப்பது சுழற்சி. கைகள் மட்டும் அக்கறையோடு வரையப்பட வேண்டும். உங்கள் வீட்டில் வடை சுடும்போது செல்பேசியில் ஒரு நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டால் பார்த்து வரைய அதுவே போதும்.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு வகையையும் சொல்ல வேண்டும். ஆவண அனிமேஷன். தெருவோரம் வடை போடும் ஒரு பெண்மணியிடம் அனுமதி கேட்டு, அவர் பேசுவதைப் பதிவு செய்து, அந்தக் குரலின்மேல் படம் வரைவது. கேமரா எட்டாத இடத்தை வரைந்து காட்டுவது பழைய வழக்கம்தான். 1915-இல் மூழ்கடிக்கப்பட்ட லூசிடானியா கப்பலின் கடைசி நேரத்தைப் படம்பிடித்தவர் யாரும் இல்லாததால் அமெரிக்க அனிமேஷன் முன்னோடி வின்சர் மெக்கே அதை வரைந்தே படமாக்கி 1918-இல் வெளியிட்டார். மாணவருக்கு இதில் பெரிய வசதி, ஒலி முதல் நாளே கைக்கு வந்துவிடுவது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே வேகம் வேண்டும் என்பதைப் பேசுபவரின் மூச்சே சொல்லிவிடும். பேசுபவரைக் காட்டாமல் பேசப்படுவதை வரைந்தால் உதட்டசைவும் தேவையில்லை.

மூன்று நான்கு பேர் கொண்ட குழுவுக்கு, முதல் படம் என்றால், பேச்சில்லாத நகைச்சுவை. தனியாளாக எடுப்பவருக்கு ஆவண அனிமேஷன். பாட்டியின் கதையை எடுக்கலாமா என்று கேட்பவரிடம் அவருடைய ஸ்கெட்ச் புத்தகத்தைக் கேட்பேன். அதில் கைகள் நிறைய இருந்தால் எடுக்கச் சொல்வேன். புரியாத உருவங்கள் ஓடும் சோதனைப் படங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அதைச் செய்யத் துடிப்பவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

இரண்டு நிமிடத்துக்குள் எந்தக் கட்டமைப்பு?

நம் மாணவர்கள் இடைவேளையோடு கதை கேட்டு வளர்ந்தவர்கள். நடுவில் ஒரு பெரிய திருப்பம் வைத்து, அதற்கு முன் அறிமுகம், அதற்குப் பின் பழிவாங்கல் என்று கை தானாகப் போகும். இரண்டரை மணி நேரத்துக்கு அது சரி. இரண்டு நிமிடத்தில் சரிபாதி அறிமுகத்துக்குப் போனால் பார்ப்பவர் கை செல்பேசியைத் தேடும்.

மூன்று அங்கக் கட்டமைப்பு, அதாவது தொடக்கம், மோதல், தீர்வு என்பதை நகைச்சுவைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அளவைச் சுருக்க வேண்டும். தொடக்கத்துக்கு 15 வினாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். படம் தொடங்கும்போதே காக்கை வாயில் வடை இருக்கட்டும். பாட்டி வடை சுடுவதையும் காக்கை திருடுவதையும் விலாவாரியாகக் காட்டும் ஆசையை விடுங்கள். நடுப்பகுதியில் நரியின் முயற்சிகள் மூன்று. முதல் இரண்டும் தோற்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வளர வேண்டும். மூன்றாவது வேறு திசையில் வர வேண்டும். மரத்தை உலுக்குகிறது, தோல்வி. கல்லை எறிகிறது, அது அதன் தலையிலேயே விழுகிறது. களைத்துப்போய்த் துண்டை விரித்து உட்கார்ந்து தாளம் போடுகிறது, வெற்றி. பலத்தால் ஆகாதது ரசனையால் ஆனது என்பதில் ஒரு வளர்ச்சி இருக்கிறது. மூன்று முயற்சியும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் பட்டியல்.

இன்னொன்று கிழக்காசிய மரபிலிருந்து வரும் நான்கு பகுதிக் கட்டமைப்பு. சீனத்தின் நான்கடிக் கவிதையில் பிறந்து, ஜப்பானில் 'கிஷோதென்கெட்சு' என்ற பெயரில் நான்கு கட்டச் சித்திரக் கதைகள்வரை வந்திருக்கிறது. அறிமுகம், வளர்ச்சி, திருப்பம், இணைப்பு. இதில் மோதல் கட்டாயம் இல்லை. மூன்றாம் பகுதியில் எதிர்பாராத ஒன்று வந்து சேர்கிறது. நான்காம் பகுதி அதை முன்னதோடு இணைத்துக் காட்டுகிறது.

பாட்டியின் கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது. முதல் பகுதி: பாட்டி வடை சுடுகிறாள். இரண்டாவது: வாடிக்கையாளர் வருகிறார்கள், வடை தீர்கிறது, தட்டில் கடைசி ஒன்று. மூன்றாவது: காக்கை அதைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. நான்காவது: மறுநாள் காலை. முதல் ஈட்டில் எடுத்த வடையைப் பாட்டி மதில்மேல் வைத்து, 'கா... கா...' என்று கூப்பிடுகிறாள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வழக்கம் உள்ள நாட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. திருட்டுக் கதையாகத் தொடங்கியது விருந்துக் கதையாக முடிகிறது. நரி தேவையே இல்லை. ஒரு பாத்திரம் குறைந்ததால் வரைய வேண்டிய படங்களும் குறைந்தன.

இரண்டில் எது என்றால், மாணவர் படத்துக்கு நான்கு பகுதியையே நான் முன்னே வைப்பேன். மோதலை நம்பும்படி வளர்ப்பதற்கு நேரம் வேண்டும். திருப்பத்துக்கு ஒரு நல்ல ஷாட் போதும். ஆனால் வாய்விட்டுச் சிரிக்கவைக்க விரும்புபவர் மூன்று முயற்சி முறையைத்தான் பிடிக்க வேண்டும். நான்கு பகுதிக் கட்டமைப்பில் புன்னகைதான் வரும்.

முடிவு தொடக்கத்தில் போய்ச் சேரும் வட்டக் கட்டமைப்பும் உண்டு. கண்காட்சித் திரையில் இடைவிடாமல் ஓடவிட அழகாக இருக்கும். அரங்கில் போட்டால் படம் எப்போது முடிந்தது என்று தெரியாமல் கைதட்டலைத் தவறவிடும்.

சுவரா, தாளா, திரையா?

ஸ்டோரிபோர்டு என்ற பழக்கம் 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டூடியோவில் வேரூன்றியது. தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் ஊசியால் குத்தி வைத்தார்கள். அதன் பயன் ஓவியத்தில் இல்லை, ஊசியில் இருக்கிறது. பிடுங்கி வேறு இடத்தில் குத்தலாம். பிடிக்காவிட்டால் கழற்றிப் போடலாம். முழுப் படத்தையும் பத்தடி தள்ளி நின்று ஒரே பார்வையில் பார்க்கலாம். இன்று அதே வேலையை ஸ்டிக்கி நோட்டும் விடுதி அறைச் சுவரும் செய்யும். இரண்டு நிமிடப் படத்தில் ஷாட் சராசரி நான்கு வினாடி என்றால் 30 ஷாட். ஷாட்டுக்கு இரண்டு மூன்று நிலைகள் வரைந்தால் 60 முதல் 90 ஒட்டுத்தாள். தடித்த மார்க்கரால்தான் வரைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மெல்லிய பேனாவைக் கொடுத்தால் இமை முடி வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். அழகாக வரைந்த தாளைக் கிழித்துப் போட யாருக்கும் மனம் வராது.

ஜப்பானிய அனிமேஷனில் வழங்கும் ஸ்டோரிபோர்டு தாள் வேறு மாதிரி. ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஐந்து கட்டங்கள். பக்கத்திலேயே ஷாட் எண், செயல், வசனம், கடைசியாக நேரம் எழுதும் பத்தி. அந்தக் கடைசிப் பத்திதான் இதன் பலம். இந்த ஷாட் எத்தனை வினாடி, எத்தனை பிரேம் என்று எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி முழுத் திரைக்கதை எழுதி வைத்துக்கொள்ளாமல் இந்தத் தாளிலேயே படத்தைக் கட்டுகிறவர். ஒருவரே எல்லாவற்றையும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் திறன் இருந்தால் இது அற்புதமான முறை. குழுவாக விவாதித்து மாற்றுவதற்குச் சுவரே வசதி.

கணினியில் வரைவதற்கு இலவசமாகவே நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. ஸ்டோரிபோர்டர் இதற்கென்றே செய்யப்பட்டது. கிரிட்டாவிலும் பிளெண்டரின் வரைகருவியான கிரீஸ் பென்சிலிலும் வரைந்து அங்கேயே அசைத்தும் பார்க்கலாம். வரைந்த மறுநிமிடமே நேரத்தோடு ஓட்டிப் பார்க்க முடிவதுதான் இதன் ஆதாயம். ஆபத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி மெருகேற்றிக்கொண்டே இருப்பது.

ஸ்டோரிபோர்டே வேண்டாம் என்று வாதிடும் மாணவர்களும் இப்போது வருகிறார்கள். 2025-இல் ஆஸ்கர் வென்ற லாத்விய இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸின் 'ஃப்ளோ' அவர்களுக்குப் பிடித்த சான்று. ஸ்டோரிபோர்டு வரையாமல் முப்பரிமாண வெளியில் எளிய உருவங்களை வைத்து, கேமராவைச் சுழற்றித் தேடித் தேடி ஷாட்டுகளைக் கண்டுபிடித்து எடுத்த படம் அது. அதுவும் பிளெண்டரில். வாதம் கவர்ச்சியானதுதான். ஆனால் அதற்கு முன்பே அவர் ஒரு முழுநீளப் படத்தைத் தனியாளாக எடுத்து முடித்திருந்தார். மேலும், அவர் விட்டது காகிதத்தைத்தான். திட்டமிடலை விடவில்லை. பிளெண்டரில் கை பழகிய, முப்பரிமாணத்தில் படம் எடுக்கும் மாணவர் இந்த வழியில் போகலாம். கையால் வரைபவருக்கு இதில் பயனில்லை.

எந்த முறையில் வரைந்தாலும் வகையும் கட்டமைப்பும் சரியா என்பது ஒரே ஒரு ஷாட்டில் தெரிந்துவிடும். காக்கை வாய் திறக்கும் அந்தக் கணத்தை மூன்று விதமாகப் பலகையில் வைத்துப் பாருங்கள். நகைச்சுவையில் வெட்டே கூடாது. மரமும் நரியும் முழுதாகத் தெரியும் ஒரே தூர ஷாட். அலகு திறக்கிறது. எட்டுப் பிரேம் எதுவும் அசையவில்லை. பிறகு வடை விழுகிறது. அந்த எட்டுப் பிரேமில்தான் சிரிப்பு. திகிலில் அலகின் குளோசப், உடனே அசையும் புல், பிறகு வெறும் இருட்டு. வடை விழுந்ததைக் காதால் மட்டும் கேட்கிறோம். பாட்டியின் கதையில் இந்தக் கணமே வராது. தட்டுக்குப் போன கை ஒன்றும் கிடைக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான். இந்த மூன்றில் எதை வரையும்போது உங்கள் கை தயங்காமல் ஓடுகிறதோ அதுதான் உங்கள் வகை. நீங்கள் முதலில் அறிவித்த வகை வேறாக இருந்தால் அதை மாற்றிக்கொள்ள இதுவே மலிவான நேரம். மாறுவது 80 ஒட்டுத்தாள்தான்.

திசையைப் பற்றி ஒரு சொல். காக்கை திரையின் வலப்பக்கம் மேலே, நரி இடப்பக்கம் கீழே என்று வைத்துவிட்டால் தனித்தனி ஷாட்டிலும் காக்கை இடப்பக்கமும் நரி வலப்பக்கமும் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு ஷாட்டில் திருப்பி வரைந்துவிட்டால் இரண்டும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் ஆகி, பேச்சு யாரிடம் நடக்கிறது என்பது குழம்பிவிடும். மாணவர் பலகைகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

சுவரில் ஒட்டியது நிலைபெற்றதும் ஒவ்வொன்றையும் செல்பேசியில் படம்பிடித்து, வீடியோ எடிட்டரில் வரிசையாக வைத்து, வாயாலேயே ஒலிகளைப் பதிவு செய்து ஓட்டுங்கள். இதுதான் அனிமேட்டிக். ஜப்பானியத் தாளை இதற்குப் பிறகு எடுத்து, உறுதியான நேரங்களை எழுதிக்கொள்வது நல்ல வரிசை. சுவரில் தேடி, அனிமேட்டிக்கில் சோதித்து, தாளில் முடிவு செய்வது.

அனிமேட்டிக்கை யாரிடம் காட்டுவது என்பதில் இந்தக் கதைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் கதை தெரியும் என்பதால் பலகையில் விட்டுப்போனதை அவர்களே மனத்தில் நிரப்பிக்கொண்டு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். விடுதியில் வட மாநிலத்து நண்பர் இருந்தால் அவரைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தையும் விளக்காமல் ஓட்டிக் காட்டி, என்ன நடந்தது என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு ஷாட் குறைகிறது. எங்கே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாரோ அங்கே ஒரு ஷாட் அதிகம்.

படம் நிற்கவில்லை என்றால் முதலில் ஷாட்டுகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். பிறகு பகுதிகளின் அளவை. அதற்கும் சரிவரவில்லை என்றால் கட்டமைப்பை. திகிலுக்குச் சிரிக்கிறார்கள் என்றால் மட்டும் நேராக வகையிலேயே கை வைக்கலாம். அந்தச் சிரிப்பை வீணாக்காதீர்கள், கையில் ஒரு நகைச்சுவைப் படம் இருக்கிறது என்று அர்த்தம். செமஸ்டரின் மூன்றில் ஒரு பங்கை இந்த வேலைக்கே ஒதுக்கலாம். அனிமேட்டிக் 2 நிமிடம் 20 வினாடி வந்து நின்றால், அந்த 20 வினாடியை அங்கேயே வெட்டிவிட்டுத்தான் முதல் பிரேமை வரைய உட்கார வேண்டும். அது 240 படம், ஒருவருக்குப் பன்னிரண்டு நாள் வேலை.